குரலிசைக்கு க்ளோஸ்டு-பேக் ஹெட்ஃபோன்: பார்த்து வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாட்டு ஓடத் தொடங்கியதும் காது முதலில் குரலைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை. பாஸ் நெஞ்சில் இடிக்க வேண்டும் என்பவர்களுக்கு இங்கே அதிகம் கிடைக்காது. சந்தையில் உள்ள க்ளோஸ்டு-பேக்குகளில் (காதை மூடும் கப்பின் பின்புறம் அடைத்த ஹெட்ஃபோன்களில்) பெரும்பாலானவை அவர்களை மனதில் வைத்துத்தான் செய்யப்படுகின்றன. நமக்குச் சிக்கல் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

குரலுக்காக மட்டுமே வாங்குவதென்றால் கப்பின் பின்புறம் திறந்த ஓப்பன்-பேக் சுலபமான வழி. ஆனால் பக்கத்தில் ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார், மின்விசிறி இரைகிறது, அலுவலகத்தில் நாலு பேர் பேசுகிறார்கள், அல்லது எதிரில் மைக் வைத்து நீங்களே பாடிப் பதிவு செய்கிறீர்கள். அப்போது மூடிய ஹெட்ஃபோன்தான் வேண்டும். அதில் குரல் கெடாத ஒன்றை எப்படிப் பொறுக்குவது என்பதுதான் கேள்வி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: க்ளோஸ்டு-பேக்கை முதலில் பேச்சை வைத்துச் சோதியுங்கள், பாட்டுக்குப் பிறகு வாருங்கள். ஏன் என்பது போகப்போகப் புரியும்.

படி 1: குரல் எந்த இடத்தில் இருக்கிறது?

பேசும்போது ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை. பெண் குரலுக்கு 165 முதல் 255 வரை. பாட்டில் இது விரியும். மேற்கத்திய இசையில் கனத்த ஆண் குரலின் அடித்தளம் 82 ஹெர்ட்ஸ் பக்கம் தொடங்கினால், சோப்ரானோவின் (மிக உயர்ந்த பெண் குரலின்) உச்சி 1,047 ஹெர்ட்ஸைத் தொடும். இவையெல்லாம் அடிப்படைச் சுரம் மட்டுமே. குரலை யாருடையது என்று அடையாளம் காட்டுவதும், சொல்லைப் புரியவைப்பதும் அதற்கு மேலே, அதன் மடங்குகளில் கூடவே எழும் ஒத்திசைகள்தான்.

இதற்குச் சாட்சி பழைய தொலைபேசி. அது கடத்தியது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். 110 ஹெர்ட்ஸில் பேசும் அப்பாவின் அடிப்படைச் சுரம் கம்பியில் வரவே இல்லை. ஆனாலும் ஒரு ‘ஹலோ’விலேயே அப்பா என்று தெரிந்தது. மேலிருக்கும் ஒத்திசைகளை வைத்து மூளை அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. ஆக, குரலுக்கு பாஸைக் கூட்டித் தர வேண்டிய தேவை இல்லை. கூட்டினால் கெடுதல்தான் அதிகம்.

கேட்கும்போது கவனிக்க வேண்டிய பகுதிகள் இவை:

100–250 ஹெர்ட்ஸ் குரலின் கனம். இது குறைந்தால் ஆண் குரல் மெலிந்துபோகும். கூடினால் குடத்துக்குள்ளிருந்து பாடுவது போலிருக்கும். க்ளோஸ்டு-பேக் அதிகம் தவறு செய்யும் முதல் இடம் இது.

300–1,000 ஹெர்ட்ஸ் குரலின் உடம்பு. உயிரெழுத்துகளின் நிறம் பெரும்பாலும் இங்கிருந்து தொடங்குகிறது. இங்கே பள்ளம் இருந்தால் பாடுபவர் நாலடி பின்னால் போய் நின்றதுபோல ஆகிவிடுவார்.

1.5–4 கிலோஹெர்ட்ஸ் தெளிவு. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் 1970களில் விளக்கிய ‘பாடகர் ஃபார்மன்ட்’ (ஃபார்மன்ட் என்பது தொண்டையும் வாயும் தூக்கிக் கொடுக்கும் அதிர்வெண் பகுதி) இங்கேதான், 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது. மைக் இல்லாமலே ஒரு ஓபரா பாடகரின் குரல் முழு ஆர்கெஸ்ட்ராவையும் தாண்டிக் கேட்பதற்கு இதுவே காரணம். வாத்தியங்களின் பலம் 500 ஹெர்ட்ஸ் அருகில் குவிந்து மேலே போகப்போகத் தணிகிறது, குரல் அந்த இடைவெளியில் நுழைகிறது. தமிழ்க் காதுக்கு இந்தப் பகுதியில் இன்னொரு வேலையும் உண்டு. ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டும் குறிப்புகள் கணிசமாக இங்கேதான் இருக்கின்றன. நாக்கு பின்னோக்கி வளையும்போது மூன்றாவது ஃபார்மன்ட் கீழே இறங்கும். அந்த இறக்கத்தைக் கேட்டுத்தான் காது ‘ழ’ என்று தீர்ப்புச் சொல்கிறது. இந்தப் பகுதி மங்கிய ஹெட்ஃபோனில் ‘வாழை’யும் ‘வாளை’யும் நெருங்கிப்போகும்.

5–9 கிலோஹெர்ட்ஸ் உரசொலிகளின் இடம். ஸ, ஷ, சில சமயம் ச. இங்கே ஒரு முகடு இருந்தால் ஒவ்வொரு ‘ஸ்’ஸும் ஊசியாகக் குத்தும். க்ளோஸ்டு-பேக்கின் இரண்டாவது தவறு இது. 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பது மூச்சும் காற்றும். இருந்தால் நல்லது, அதற்காக மெனக்கெட வேண்டாம்.

படி 2: மூடிய கப் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

டிரைவர் (கப்புக்குள் ஒலியை எழுப்பும் பாகம்) முன்னால் எவ்வளவு ஒலியைத் தள்ளுகிறதோ, பின்னாலும் அவ்வளவு தள்ளுகிறது. ஓப்பன்-பேக்கில் பின்னொலி வெளியே போய்விடும். மூடிய கப்பில் அது சுவரில் மோதித் திரும்பி, டிரைவரின் மெல்லிய அதிரும் சவ்வான டயாஃப்ரத்தைத் தாண்டிக் கொஞ்சம் தாமதமாக உங்கள் காதுக்கே வரும். கப்பின் உள்ளாழம் 3–4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அரை அலைநீளம் அந்த ஆழத்துக்குச் சமமாகும் இடம் சுமார் 4 முதல் 6 கிலோஹெர்ட்ஸ். உரசொலிகள் ஆரம்பிக்கும் இடமும் அதுதான். உள்ளே வைக்கும் ஃபோம், ஃபெல்ட் எல்லாம் இதை அடக்குவதற்காக. அதை ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா என்பது விளம்பரத்தில் தெரியாது, குரலில் தெரியும்.

இரண்டாவது விஷயம் சீல். கப்பின் விளிம்பில் உள்ள மெத்தையான பேட் தலையோடு ஒட்டி உட்கார்ந்து காற்று கசியாமல் இருந்தால்தான் மூடிய ஹெட்ஃபோன் வடிவமைத்தபடி ஒலிக்கும். ஒரு சின்ன இடைவெளி போதும், 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரிந்துவிடும். மூக்குக்கண்ணாடியின் காம்பு, காதோரத்துத் தடித்த முடி, தாடை எலும்பு உள்வாங்கிய முகம் என்று காரணங்கள் பல. ஒரே மாடலை ஒருவர் ‘குரல் அருமை’ என்றும் இன்னொருவர் ‘தகர டப்பா’ என்றும் சொல்வதற்குப் பாதிக் காரணம் ரசனை அல்ல, சீல்.

படி 3: தலையில் உட்காருகிறதா?

ஒலியைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, ஆண் குரல் பேசும் ஏதாவது ஒன்றை ஓடவிடுங்கள். இரண்டு உள்ளங்கைகளாலும் கப்பை லேசாக அழுத்துங்கள், பிறகு விடுங்கள். அழுத்தும்போது குரல் சட்டென்று கனத்து, விட்டதும் மெலிந்தால் சீல் சரியில்லை. பெரிதாக மாற்றம் இல்லை என்றால் நல்லது. இதையே கண்ணாடி போட்டும் கழற்றியும் செய்யுங்கள். தாடையை அசைத்து, வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். கூடவே பாடும் பழக்கமுள்ளவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், ஏனென்றால் வாய் திறக்கும்போது தாடை நகர்ந்து சீல் உடையும்.

காதைச் சுற்றி உட்காரும் ஓவர்-இயர் வகையே குரலுக்கு ஏற்றது. காதின் மேலேயே அமரும் ஆன்-இயரில் சில நல்லவை உண்டு, ஆனால் சற்று நகர்ந்தாலும் ஒலி மாறும், காதும் வலிக்கும். பேட்டின் உட்குழி உங்கள் காது முழுவதையும் விழுங்க வேண்டும். காது மடல் உள்ளே துணியில் முட்டினால் அரை மணி நேரத்தில் எரிச்சல் வரும். எடை 300 கிராமுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு இல்லை. மற்றபடி நிறம், மடிப்பு, பை எல்லாம் உங்கள் விருப்பம்.

படி 4: எதில் செருகப் போகிறீர்கள்?

இம்பிடன்ஸ் (ஓமில் சொல்லும் மின்தடுப்பு) அதிகம் என்றால் தரம் அதிகம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அப்படி ஒன்றும் இல்லை. ஓம் கணக்கை சென்சிடிவிட்டியோடு (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதோடு) சேர்த்துப் பார்த்தால்தான் பொருள். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் என்று போடும், சில ஒரு வோல்ட்டுக்கு எத்தனை என்று போடும். இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது.

ஒரு கணக்கு: 32 ஓம், மில்லிவாட்டுக்கு 98 டெசிபல் உள்ள ஹெட்ஃபோனுக்கு ஒரு வோல்ட் கொடுத்தால் சுமார் 113 டெசிபல் வரும். 250 ஓம், மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் உள்ளதற்கு அதே ஒரு வோல்ட்டில் 102 தான். பெட்டியில் இரண்டு டெசிபலாகத் தெரிந்த வித்தியாசம் காதில் பதினொன்றாகிறது. இரண்டாவது ஏறக்குறைய பாதிச் சத்தமாகத்தான் கேட்கும். கைபேசி அல்லது அதில் செருகும் சின்ன டாங்கிளில் கேட்பவர்கள் 80 ஓமுக்குள் நின்றுகொள்வது நல்லது. 250 ஓம் வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) ஒன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆம்பின் வெளியீட்டு இம்பிடன்ஸ், ஹெட்ஃபோன் இம்பிடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்ப்பது பழைய விதி. டைனமிக் டிரைவர்களின் இம்பிடன்ஸ் பெரும்பாலும் பாஸ் பக்கத்தில் ஏறும். பொருந்தாத ஆம்பில் அந்த இடம் மட்டும் வீங்கி, நாம் பயப்படும் குடச்சத்தம் வந்துவிடும்.

வயர்லெஸ் பற்றிச் சுருக்கமாக. எஸ்பிசியா ஏஏசியா எல்டாக்கா என்ற கோடெக் (ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) சண்டையை விடக் குரலுக்கு முக்கியம் ஹெட்ஃபோனின் ட்யூனிங். எல்டாக் அதிகபட்சம் நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும் என்பது உண்மைதான். ஆனால் 200 ஹெர்ட்ஸில் மேடு வைத்துத் தயாரித்த ஹெட்ஃபோனை எந்த கோடெக்காலும் காப்பாற்ற முடியாது. நாய்ஸ் கேன்சலிங் தாழ்ந்த, சீரான இரைச்சலை நன்றாகவே அடக்குகிறது. பக்கத்து மேசைப் பேச்சை அவ்வளவு அடக்காது, அதற்குக் கப்பும் பேடும்தான் துணை. கூடவே பாடிப் பதிவு செய்பவர்கள் ப்ளூடூத் பக்கமே போக வேண்டாம்: தாமதம் பெரும்பாலும் 100 மில்லிசெகண்டைத் தாண்டும், உங்கள் குரல் உங்களைத் துரத்திக்கொண்டே வரும்.

படி 5: கிராஃபைப் பார்க்கலாம், வழிபட வேண்டாம்

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் அளவீட்டு கிராஃப் நேர்கோடாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். மனிதக் காதுக்குழாயே 3 கிலோஹெர்ட்ஸ் அருகில் ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். ஆகவே செயற்கைக் காதில் அளந்த நல்ல ஹெட்ஃபோனிலும் அங்கே ஒரு மேடு இருக்க வேண்டும். ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர் ஹார்மன் நிறுவனத்தில் 2010களில் நடத்திய கேட்புச் சோதனைகளிலிருந்து உருவான ‘ஹார்மன் டார்கெட்’ பெரும்பாலோர் விரும்பிய வடிவத்தைக் காட்டுகிறது. அதில் பாஸ் கூட்டல் குரலின் கனத்துக்குக் கீழேயே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது என்பது நமக்கு வசதி.

நான் கிராஃபில் மூன்று இடங்களைத்தான் பார்ப்பேன். 100க்கும் 300க்கும் நடுவே டார்கெட்டை விட 3 டெசிபலுக்கு மேல் மேடு இருக்கிறதா? 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் பெரிய பள்ளம் இருக்கிறதா? 5 முதல் 9 வரை கூர்மையான முகடு இருக்கிறதா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் பட்டியலில் சேர்க்கலாம். வெவ்வேறு கருவிகளில் அளந்த கிராஃப்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்காதீர்கள். 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வரும் மேடு பள்ளங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அங்கே உங்கள் காதின் வடிவமும் ஹெட்ஃபோன் உட்கார்ந்த கோணமும் தீர்மானிக்கின்றன.

படி 6: காதால் சோதியுங்கள்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி), ‘சவுண்ட் என்ஹான்சர்’ வகையறாக்கள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இரண்டு ஹெட்ஃபோனை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கட்டும். ஒரு டெசிபல் கூடுதலாக இருப்பதே ‘தெளிவாக’ இருப்பதாகத் தோன்றும். கடைக்காரர் ஒலியைக் கூட்டி வைத்துத் தருவது சும்மா இல்லை.

முதலில் பேச்சு. நல்ல மைக்கில் பதிவான ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று, பின்னணி இசை இல்லாமல். பாட்டில் எதிரொலியும் கம்ப்ரெஷனும் (சத்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்வதும்) எவ்வளவு சேர்த்தார்கள் என்று நமக்குத் தெரியாது. குரல் கனத்தால் குற்றம் ஹெட்ஃபோனுடையதா, கலவை செய்தவருடையதா என்று சொல்ல முடியாது. பேச்சு அப்படியல்ல. மனிதர் பேசுவதைப் பிறந்ததிலிருந்து கேட்கிறோம். கொஞ்சம் மூக்கடைத்தாலும், கொஞ்சம் டப்பாவுக்குள் போனாலும் காது உடனே முகம் சுளிக்கும். மிகத் தெரிந்த ஒருவரின் குரல் பதிவு கையில் இருந்தால் அதைவிட நல்ல சோதனைக் கருவி கிடையாது.

அடுத்து தனிக்குரல். தம்புரா சுருதி மட்டும் பின்னால் ஓடும் ஆலாபனை மாதிரி ஒன்று. சுருதியின் ரீங்காரத்திலிருந்து குரல் விலகி, தனியாக நிற்க வேண்டும். தாழ்ந்த ஸ்தாயிக்கு இறங்கும்போது ஒரு குறிப்பிட்ட சுரம் மட்டும் வீங்கி ஒலித்தால் அது கப்பின் வேலை. பாடகர் ஏறி இறங்கும்போது எல்லாச் சுரமும் ஒரே ஆள் பாடியதாக இருக்க வேண்டும்.

பிறகு சொற்கள். ‘ஸ’, ‘ஷ’ நிறைந்த பாடல் ஒன்றை வழக்கமாகக் கேட்கும் அளவை விடச் சற்றே கூட்டிக் கேளுங்கள். ‘ஸ்’ வரும்போது கண் சுருங்குகிறதா? அப்படியானால் அந்த ஹெட்ஃபோனோடு ஒரு மணி நேரம் உட்கார முடியாது. ‘ழ’கரம் நிறைந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எழுத்துகள் விலகித் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

கடைசியாகக் கூட்டம். ஜோடிப்பாட்டு, சேர்ந்திசை, குரலின் நிழலாகவே வயலின் தொடரும் கச்சேரிப் பதிவு. குரலும் வயலினும் ஒரே சுரத்தைத் தொடும் இடத்தில் இரண்டும் இரண்டாகவே கேட்டால் மிட் (நடு அதிர்வெண் பகுதி) சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். மிருதங்கத்தின் தொப்பி விழும்போதெல்லாம் பாடகர் ஒரு கணம் மங்கினால் பாஸ் மேலே வழிகிறது.

ஒவ்வொன்றையும் இருபது நிமிடமாவது கேளுங்கள். மூளை எந்த ஒலிக்கும் பழகிவிடும் என்பதால், கேட்டு முடித்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி, நேரில் ஒருவரைப் பேசச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் குரல் திடீரென்று மெலிந்து தோன்றினால் ஹெட்ஃபோன் கனத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது என்று பொருள்.

படி 7: சில மாடல்கள், சில தீர்ப்புகள்

சோனி எம்டிஆர்-7506: 1991 முதல் ஸ்டுடியோக்களில் புழங்குகிறது, 63 ஓம். எழுத்துகளை உரித்துக் காட்டும். அதே காரணத்தால் சில பதிவுகளில் ‘ஸ’ கூர்மையாகும். பதிவில் உள்ள குறையைப் பிடிக்க நல்லது, சாய்ந்து உட்கார்ந்து ரசிக்க எல்லோருக்கும் ஒத்துவராது. மெல்லிய பேட் காலப்போக்கில் உரியும்.

ஆடியோ-டெக்னிகா ஏடிஹெச்-எம்50எக்ஸ் பெயர் பெற்றது, 38 ஓம். பாஸும் ட்ரெபிளும் (மேல் அதிர்வெண்களும்) சற்றுத் தூக்கல். குரலுக்கு அதன் தம்பி எம்40எக்ஸ் எனக்கு மேல், சமநிலை கூடுதல். ஆனால் காதுக்குழி சிறியது.

பையர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம்களில் வருகிறது. வெல்வெட் மாதிரியான பேட் கொண்ட வகைகளை மணிக்கணக்கில் போட்டிருக்கலாம். கண்ணாடிக் காம்பையும் மென்மையாக ஏற்றுக்கொள்ளும். குறை, 8 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய அதன் முகடு. ஈக்யூ போடத் தயாராக இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் பெண் குரலில் உரசொலி தொந்தரவு செய்யும்.

ஏகேஜி கே371: 32 ஓம், ஹார்மன் டார்கெட்டை நெருங்கி ட்யூன் செய்தது. தலையில் சரியாக உட்கார்ந்தால் குரலுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் சீல் விஷயத்தில் பிடிவாதம் பிடிக்கும். உள்ளங்கைச் சோதனையில் தோற்றால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சென்ஹைசர் ஹெச்டி 280 ப்ரோ, 64 ஓம். வெளிச்சத்தத்தை வெட்டுவதில் கெட்டிக்காரன், பிடியும் இறுக்கம். மைக் முன் பாடுபவர்களுக்குப் பொருந்தும், ட்ராக்கின் சத்தம் மைக்கில் கசியாது.

படி 8: வாங்கிய பிறகு ஈக்யூ

நல்ல மாடலிலும் ஒரு சின்னத் திருத்தம் பலன் தரும். குரல் கனமாக இருந்தால் 200 ஹெர்ட்ஸில், க்யூ (திருத்தத்தின் அகலம்; எண் கூடினால் குறுகும்) 1 வைத்து 2 முதல் 4 டெசிபல் குறையுங்கள். ‘ஸ’ குத்தினால் 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸுக்குள் குத்தும் இடத்தைத் தேடி, க்யூ 3 அல்லது 4 வைத்து 3 டெசிபல் குறையுங்கள். குரல் பின்னால் இருந்தால் 2.5 கிலோஹெர்ட்ஸில் ஒன்றரை டெசிபல் கூட்டலாம். கூட்டும்போது ப்ரீஆம்பை (ஈக்யூவின் மொத்த ஒலியளவை) அதே அளவு குறைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் உச்சத்தில் ஒலி உடையும். எப்போதும் குறைப்பதில் ஆரம்பியுங்கள். சீல் கசிவையும் கப்பின் எதிரொலியையும் ஈக்யூ சரிசெய்யாது.

பாடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: இரண்டு காதும் மூடியிருக்கும்போது உங்கள் குரல் எலும்பு வழியாகத் தலைக்குள் முழங்கும், சுருதி தப்ப வழி உண்டு. ஒரு கப்பைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் பாடுங்கள். தள்ளிய பக்கத்து ஒலியை மிக்ஸரில் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது மைக்கில் விழும்.

சத்தத்தைப் பொறுத்தவரை, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, குழந்தைகளுக்கு 75. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகும். நன்றாக சீல் ஆகும் க்ளோஸ்டு-பேக்கின் உண்மையான லாபம் இதிலும் இருக்கிறது: வெளிச்சத்தம் குறைவதால் ஒலியைக் கூட்டத் தோன்றாது.

பேட் அமுங்கித் தட்டையானதும் மாற்றிவிடுங்கள். காதுக்கும் டிரைவருக்கும் உள்ள தூரம் குறைந்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த ஒலியே மாறிப்போகும். அந்த மாடலுக்கென்றே வரும் பேடை வாங்குங்கள். வெல்வெட்டுக்குப் பதில் தோல் போட்டால் 200 ஹெர்ட்ஸ் பக்கம் திரும்ப வீங்கலாம், அப்போது ஈக்யூவையும் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.